மஜீது பாயை யாரும் திட்டுவதில்லை

ஆங்கிலத்தில் திட்டு வாங்கியதைக் கணக்கெடுத்தால் ராயபுரத்தில் மஜீது பாயை மிஞ்ச ஆள் கிடையாது. நார்வேக்காரன், கிரேக்கன், உக்ரைன்காரன், பிலிப்பைன்ஸ்காரன் என்று கடல் தொட்ட நாடுகளில் பாதியாவது அவரைத் திட்டியிருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில்தான். அது ஒவ்வொருவன் வாயிலும் ஒவ்வொரு ருசியில் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்தெட்டு வயதில் வந்திருக்கும் குறை விநோதமானது. இப்போதெல்லாம் தன்னை யாரும் திட்டுவதில்லை என்கிறார்.

இந்த ‘யாரும்’ என்பதில் மனைவி ரசூல் பீவி சேர்த்தியில்லை. அவள் காலை டீயில் தொடங்கி இரவு கொசுவத்தி வரைக்கும் திட்டுகிறாள். ஆனால் அது மின்விசிறிச் சத்தம் மாதிரி. நின்றுபோனால்தான் காதில் விழும். மஜீது பாய் ஏங்குவது அந்தத் திட்டுக்கு அல்ல. அதைப் புரிந்துகொள்ள அவருடைய தொழிலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘வெள்ளத்துரை அண்ட் சன்ஸ்’ என்பது துறைமுகச் சுவருக்கு எதிரே சந்துக்குள் இருக்கும் கப்பல் சப்ளை கடை. முதலாளி வெள்ளத்துரை திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். அவருக்கு மகன்கள் கிடையாது, இருப்பதெல்லாம் பெண்கள். போர்டு எழுதியபோது நம்பிக்கை இருந்தது. பிறகு பெயிண்டுக்குச் செலவு செய்ய மனம் வரவில்லை. கப்பல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்குள் இருபது பேருக்குப் பசிக்கும் என்பதுதான் இந்தத் தொழிலின் ஆதாரம். கோஸ், உருளைக்கிழங்கு, முட்டை, உறைய வைத்த கோழி, சோப்பு, வலித்தைலம், எப்போதாவது கிடார் கம்பி. கப்பலிலிருந்து ஆர்டர் வந்ததும் எல்லாவற்றையும் சேகரித்து வண்டியில் ஏற்றி, கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே நுழைந்து, கேட்டில் பாஸைக் காட்டி, கப்பலில் ஏற்றி, அங்கிருக்கும் சமையல்காரன் முன்னால் வைக்க வேண்டும். மஜீது பாயின் வேலை அந்தக் கடைசிப் பகுதி. சாமானை ஒப்படைப்பது, திட்டு வாங்குவது, கையெழுத்து வாங்குவது. இதே வரிசையில்.

நடுவில் இருப்பது தவறி வந்ததல்ல. கப்பல் சமையல்காரன் திட்டியே ஆக வேண்டும். கோஸை எடுப்பான், மேல் இலையை உரிப்பான், முகத்தைச் சுளிப்பான். ‘ரப்பிஷ்’ என்பான். முட்டையைக் காதருகே வைத்துக் குலுக்குவான். ‘ராட்டன்’ என்பான். உருளைக்கிழங்கைப் பார்த்து, இதை உன் நாட்டில் மனிதர்கள் சாப்பிடுகிறார்களா என்று கேட்பான். மஜீது பாய் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். “நோ ப்ராப்ளம் சார், நெக்ஸ்ட் டைம் பெஸ்ட் குவாலிட்டி.” சமையல்காரன் உறுமிக்கொண்டே கையெழுத்துப் போடுவான். அடுத்த முறை அதே கப்பல் சென்னைக்கு வரும்போது ‘மிஸ்டர் மஜீதை அனுப்பவும்’ என்று ஆர்டரிலேயே எழுதியிருப்பான்.

திட்டாமல் கையெழுத்துப் போடுகிறவனிடம்தான் பயம். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், ‘குட், குட், தேங்க் யூ மை ஃபிரண்ட்’ என்று சிரித்தபடி பேனாவைத் திருப்பிக் கொடுப்பான். அவனுடைய ஒப்பந்தம் முடிந்திருக்கும், அல்லது கப்பலை விற்றிருப்பார்கள், அல்லது கேப்டன் வேறு சப்ளைக்காரனோடு பேசி முடித்திருப்பான். எப்படியும் அவன் இனி வரப்போவதில்லை. வரப்போகிறவன்தானே அடுத்த கோஸைப் பற்றிக் கவலைப்படுவான். துறைமுகத்துக்குச் சாமான் கொண்டுபோகிற எல்லோருக்கும் இது தெரியும். சிரித்த முகத்தோடு போட்ட கையெழுத்தை வாங்கி வந்தால் கடையில் யாரும் எப்படி நடந்தது என்று விசாரிப்பதில்லை. வெள்ளத்துரை மட்டும், “போச்சா?” என்பார்.

மஜீது பாய்க்கு உஸ்மா ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஆங்கிலத்தின் மேல் அவளுக்கு ஒரு பைத்தியம். அப்பா கப்பலிலிருந்து கொண்டுவரும் வசவுகளை அவள் மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போலப் பார்ப்பாள்.

“இன்னிக்கு இன்னா சொன்னான் அத்தா?”

“ரப்பிஷ்ன்னான்மா. கோஸைப் பாத்து.”

“இடிஞ்சுபோன கட்டடத்தோட கல்லு, காரை, அதான் ரப்பிஷ். பிரெஞ்சுக்காரங்க வழியா வந்தது. அப்புறம்தான் எல்லாக் குப்பைக்கும் ஆச்சு.”

“அப்போ கோஸை வூடு இடிஞ்ச மாதிரி கீதுன்னு சொல்லிகிறான்.”

“அவனுக்கு அது தெரியாது.”

“தெரியாமயேதான் திட்றானுங்கோ எல்லாரும்,” என்று உள்ளேயிருந்து ரசூல் பீவி சொல்வாள். “தெரிஞ்சு திட்றவ நான் ஒருத்திதான் கீறேன் இந்த ஊர்ல.”

கல்லூரிக்குப் போனதும் உஸ்மாவின் கடை விரிந்தது. ‘ரிபியூக்’ என்றால் கண்டிப்பது. ஆதியில் அது பிரெஞ்சில் மரத்தை வெட்டிச் சாய்ப்பதைக் குறித்ததாம். ‘பிளேம்’ என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறோமே, அதுவும் தெய்வ நிந்தனையைக் குறிக்கும் சொல்லும் கிரேக்கத்தில் ஒரு தாய் பிள்ளைகள். ‘எக்ஸ்ப்ளோட்’ வெடிப்பது அல்ல, நாடகம் பிடிக்காதவர்கள் கைதட்டியே நடிகனை மேடையிலிருந்து விரட்டுவது. வெடிச்சத்தம் பிறகு வந்து சேர்ந்தது. ‘பாய்காட்’ அயர்லாந்தில் நிலக் குத்தகை வசூலித்த ஓர் ஏஜென்ட்டின் பெயர். ஊரே சேர்ந்து அவனோடு பேச்சை நிறுத்தியது, அவனுக்கு அறுவடை செய்ய ஆள் வரவில்லை, பெயர் மட்டும் அகராதிக்குள் போய்விட்டது. ‘ஹம்பக்’ என்றால் பித்தலாட்டம், அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. மஜீது பாய்க்கு இதுதான் மிகவும் பிடித்தது. அகராதிக்காரர்களும் கையை விரிக்கும் இடம் ஒன்று இருப்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

நார்வேக் கப்பல் ஒன்றின் சமையல்காரன், தாடி மட்டும் இடுப்புவரை இருக்கும், அவரை ஒரு நாள் காலை முழுக்க வைத்துத் திட்டினான். வீட்டில் வந்து சொன்னபோது உஸ்மாவுக்குக் கண் விரிந்தது. திட்டுவதைக் குறிக்கும் ‘ஸ்கோல்ட்’ என்ற சொல்லே அந்தப் பக்கத்துப் பழைய பாஷையில் கவிஞனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று அறிஞர்கள் நினைக்கிறார்களாம். அந்தக் காலத்து நார்வேக் கவிஞர்கள் பிடிக்காதவர்களை வசைபாடி மானத்தை வாங்குவார்களாம்.

“அப்போ அவன் என்னை வெச்சு பாட்டு கட்டிகீறான்,” என்றார் மஜீது பாய், பெருமையாக.

“பாட்டு கட்டினா பிரியாணிக்கு அரிசி வருமா?” என்றாள் ரசூல் பீவி.

ஆக அந்த வீட்டில் வசை என்பது வெறும் வசை அல்ல. அதற்கு ஊர் உண்டு, வம்சம் உண்டு, விசாரணை உண்டு. உஸ்மா கற்றதையெல்லாம் அப்பா மேலேயே பிரயோகித்துப் பார்த்தாள். அவர் டீக் கப்பைச் சாக்கடையில் எறிந்தால் திட்டு. மாத்திரையை மறந்தால் திட்டு. கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை வீசும் நாளில் ஜன்னலைத் திறந்து வைத்தால் திட்டு. எல்லாவற்றையும்விட அதிகமாக, எதற்கெடுத்தாலும் ‘நோ ப்ராப்ளம்’ சொல்வதற்கு.

“வாடகைக்காரர் தண்ணி மோட்டாரை நிறுத்தினாலும் நோ ப்ராப்ளம், மாமா நம்ம இடத்துல ஷெட் போட்டாலும் நோ ப்ராப்ளம். உங்களுக்குன்னு எதுதான் ப்ராப்ளம், அத்தா? ஐ டிஸப்ரூவ்.”

‘டிஸப்ரூவ்’ அவளுடைய ராஜ வசவு. அதற்கும் விளக்கம் உண்டு. ‘அப்ரூவ்’ என்பது லத்தீனில் ஒன்றைச் சோதித்துப் பார்த்து நல்லது என்று ஒப்புக்கொள்வது. அதனால் சோதித்துப் பார்த்தவருக்குத்தான் ஒன்றைச் சரியில்லை என்று சொல்லும் அருகதை. மஜீது பாய்க்கு லத்தீன் புரியவில்லை, ஆனால் இது புரிந்தது. பெட்டியைத் திறக்காத சமையல்காரன் திட்டுவதில்லையே.

இதில் ஒரு வேடிக்கை. வாழ்நாள் முழுக்கப் பீர்ப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றியவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. வசவுகள் விஷயத்திலும் அப்படியே. அத்தனை நாட்டு வசவுகளையும் சுமந்தார், ஒன்றையும் தானாக யார் மேலும் பயன்படுத்தவில்லை. சப்ளைக்காரன் திட்டுவதில்லை. திட்டுவது வாங்குகிறவன் உரிமை. இது கப்பல் ஏணியில் ஏறும்போது மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய நியாயம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இறங்கி வந்த பிறகும், வீட்டிலும், கல்யாணத்திலும், துக்கம் கேட்க மய்யித்து வீட்டுக்குப் போன இடத்திலும் அவர் சப்ளைக்காரராகவே இருந்தார்.

மூன்று வருடங்களுக்கு முன் உஸ்மாவுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்தது. ஹோட்டல் அறைகளை முன்பதிவு செய்து கொடுக்கும் கம்பெனி. அதில் புகார்ப் பிரிவு. அறையில் கரப்பான், சுடுதண்ணீர் வரவில்லை, பக்கத்து அறையில் குறட்டை என்று உலகம் முழுவதிலிருந்தும் வருகிற கோபங்களைப் படித்து, இதமாகப் பதில் எழுத வேண்டும். அதாவது, அப்பாவின் வேலைதான். ஏணி மட்டும் கிடையாது.

“போகட்டுமா, அத்தா?” என்று கேட்டாள்.

மஜீது பாய்க்கு அவள் போவதில் மனமில்லை. அதை ‘வேண்டாம்’ என்று மொழிபெயர்க்க அவரிடம் பழக்கம் இல்லை.

“நோ ப்ராப்ளம்மா,” என்றார்.

உஸ்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குத் திட்டவில்லை. அதை அவர் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும்போது திட்டும் கூடவே வந்தது. கேமராவில் அவருடைய பனியன் ஓட்டை தெரிந்தால் திட்டு. பின்னால் குடத்துக்கு மூடி இல்லாவிட்டால் திட்டு. இரண்டாம் வருடம் மெலிந்தது. மூன்றாம் வருடம் உஸ்மா மிகவும் நல்ல பெண்ணாகிவிட்டாள். எதைச் சொன்னாலும், “புரியுது அத்தா” என்றாள். “உங்க சிரமம் புரியுது” என்றாள். ஒரு நாள் ரசூல் பீவி முழங்கால் வலியைப் பற்றி விரிவாகப் புலம்பியதற்கு, “எங்ககிட்ட பகிர்ந்துகிட்டதுக்கு நன்றிம்மா” என்றாள்.

“எங்ககிட்டன்னா யார்கிட்டடீ? கூட எத்தினி பேர் உக்காந்துகினு கீறாங்கோ?” என்றாள் ரசூல் பீவி.

“சாரிம்மா. பழக்கம்.”

சிரித்தாள். அந்தச் சிரிப்பை மஜீது பாய் எங்கேயோ பார்த்திருக்கிறார். எங்கே என்று யோசிக்கப் பிடிக்காமல் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

போன மாதம் உஸ்மா ஒரு செய்தி சொன்னாள். ஒப்பந்தம் முடிகிறது. மேலும் மூன்று வருடத்துக்குப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். இல்லையென்றால் திரும்பி வரலாம், சென்னையிலும் ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது, சம்பளம் குறைவு. ஒரு மாதத்துக்குள் சொல்ல வேண்டும்.

“நீங்க இன்னா சொல்றீங்க அத்தா?”

இந்த இடத்தில் மஜீது பாய் என்ன சொல்லியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. சொன்னார். உஸ்மா, “புரியுது அத்தா” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவருக்குத் தூக்கம் போயிற்று. அவள் திரும்பி வருவாளா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்கலாம். ஆனால் ‘அடுத்த முறை வருவீர்களா’ என்று எந்த சப்ளைக்காரனும் சமையல்காரனிடம் கேட்பதில்லை. கோஸைக் காட்டுவான், திட்டு வருகிறதா என்று பார்ப்பான். மஜீது பாயும் மகளிடம் கோஸைக் காட்டத் தொடங்கினார்.

முதல் ஞாயிறு, ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். நிறுத்தவில்லை.

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க அத்தா. உங்க உடம்பு, உங்களுக்குத்தான் தெரியும்.”

அடுத்த ஞாயிறு, பீரோவில் இருந்த அவளுடைய ஆங்கிலப் புத்தகங்களைப் பழைய பேப்பர்க்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். போடவில்லை. போடுவதாக நினைத்துப் பார்த்ததற்கே அவருக்கு வியர்த்திருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து ரசூல் பீவி வாயைத் திறக்க, கையைக் காட்டி நிறுத்தினார்.

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“பரவால்ல அத்தா,” என்றாள் உஸ்மா. “வீட்ல இடம் வேணும்ல. நல்லதுதான்.”

போனை வைத்த பிறகு ரசூல் பீவி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“இன்னாய்யா ஒனக்கு? பொண்ணாண்ட புளுகிகினு கீறே? புக்கெல்லாம் அப்டியே கீது, நான் நாப்தலின் உருண்டை போட்டு வெச்சிகீறேன்.”

“திட்றாளான்னு பாத்தேன்.”

“நான் திட்றேனே, போதாதா?”

“நீ இங்கியே கீற.”

ரசூல் பீவிக்குப் புரியவில்லை. புரியாததற்கும் சேர்த்துத் திட்டினாள்.

அந்த வாரத்திலேயே எண்ணூர்த் துறைமுகத்தில் ஒரு நிலக்கரிக் கப்பலுக்குச் சப்ளை இருந்தது. அதில் பிலிப்பைன்ஸ்காரச் சமையல்காரன் ஒருவன், குட்டையான மனிதன், ஆறேழு வருடப் பழக்கம். கோஸைப் பார்த்தாலே கண்ணீர் விடுவான். அவன் நாக்கால் ‘ச்சு ச்சு’ என்று ஒரு சத்தம் எழுப்புவான். நம் ஊரில் அது அடடா பாவம் என்று உச்சுக் கொட்டுவது. ஆங்கிலக்காரர்களிடம் அது மகா அதிருப்தி. பழக்கத்தின் தொடக்கத்தில் அவன் தனக்காகப் பரிதாபப்படுகிறான் என்று நினைத்து மஜீது பாய் அவனுக்கு நன்றியெல்லாம் சொல்லியிருக்கிறார்.

இந்த முறை அவன் பெட்டியைத் திறக்கவில்லை. “குட், குட்,” என்றான். கையெழுத்துப் போட்டான். தோளில் தட்டினான். “யூ ஆர் எ குட் மேன், மஜீத்.”

மஜீது பாய் வலியப்போய் ஒரு பெட்டியைத் திறந்தார். நல்லதாகத்தான் இருந்தது. ஓரத்தில் ஒரு கோஸ் மட்டும் கொஞ்சம் வாடியிருந்தது. அதை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“திஸ் ஒன் நாட் குட், சார்.”

“நோ ப்ராப்ளம்,” என்றான் சமையல்காரன்.

வாழ்க்கையில் முதன்முறையாக அந்த வார்த்தை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து அவர் மேல் விழுந்தது. அது இவ்வளவு குளிர்ச்சியானது என்று அவருக்குத் தெரியாது. உன்னோடு எனக்கு இனி ஒன்றும் இல்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. ஏணியில் இறங்கும்போது, முப்பது வருடமாக இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம் என்று யோசித்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றுவிட்டார். கீழேயிருந்து காவலாளி, “இன்னா பாய், மயக்கமா?” என்று கேட்டான்.

கடைக்குத் திரும்பியதும் வெள்ளத்துரை முகத்தைப் பார்த்தார். “போச்சா?”

“போச்சு மொதலாளி. ஊருக்கே போறானாம், குடும்பத்தாண்ட. அதில்ல மேட்டரு.” புத்தகம் போட்டதாகச் சொன்ன கதையையும், ‘பரவால்ல அத்தா’வையும் சொன்னார். “கையெழுத்துப் போட்டுட்டா மொதலாளி. பெட்டியத் தொறக்கவேயில்ல.”

வெள்ளத்துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். பெண்களைப் பெற்ற அனுபவத்தில் அவர் பேசுவதற்கு முன் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார்.

“ஓய் பாய், ஒண்ணு கேக்கேன். நீரு எப்பமாச்சும் அந்தப் பிள்ளைய ஏசியிருக்கீரா?”

“நானா? எதுக்கு? தங்கமான பொண்ணு.”

“தங்கத்தத்தான்வே உரசிப் பாக்கணும். அவ போறேன்னு சொன்னப்பம் என்ன சொன்னீரு?”

மஜீது பாய் மேஜை மேலிருந்த ரசீதுகளை அடுக்கத் தொடங்கினார். சொல்லத் தேவையில்லாத பதில் அது.

“அப்பம் யாரு மொதல்ல கையெழுத்துப் போட்டது? நீரா அவளா?” என்றார் வெள்ளத்துரை. “என் மூத்தவ ஷெர்லின் பெங்களூர்ல போயி இருக்கேன்னு நின்னப்ப ஒரு வாரம் வஞ்சேன். வீட்டுல பாத்திரமெல்லாம் நசுங்கிப் போச்சு. அவ போகத்தான் செஞ்சா. ஆனா மாசம் பொறந்தா வந்து நிக்கா. ஏன்? அப்பன் வேண்டாம்னு சொன்ன எடத்துல இருந்து, நல்லாத்தான் இருக்கேன்னு காட்ட வரதுக்கு ஒரு ரோசம் வேணும்லா? நீரு ரோசத்துக்கே எடம் குடுக்கலியே.”

“நான் சப்ளைக்காரன் மொதலாளி.”

“கடையில சப்ளைக்காரரா இரும். வீட்டுலயுமா?”

மஜீது பாய் அன்றைக்குச் சந்தையில் ஒன்றுமே வாங்காமல் வீடு வரை நடந்தார். திட்டுவது என்று முடிவெடுத்தாயிற்று. எந்தச் சொல்லால் திட்டுவது என்பதுதான் கேள்வி. தமிழில் முடியாது. தமிழில் திட்டுவது ரசூல் பீவியின் ராஜ்யம், அதில் அவருக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. ஆங்கிலத்திலோ கிடங்கு நிறையச் சரக்கு. ரப்பிஷ் கோஸுக்கு. ராட்டன் முட்டைக்கு. ரிபியூக்கில் கோடரி இருக்கிறது, மகள் மேல் ஓங்க முடியாது. பிளேமில் தெய்வக் குற்றம் வருகிறது. பாய்காட் அவர் தன்னை அறியாமலேயே செய்து முடித்துவிட்டார். கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான், அதுவும் அவளுடையது. பெட்டியைத் திறந்து சோதித்தவர் சொல்லக்கூடியது. அவர் சோதித்தாரா? அவள் அங்கே என்ன சாப்பிடுகிறாள், யாரோடு பேசுகிறாள், எந்த நேரத்தில் அழுகிறாள் என்று ஒரு தடவையாவது கேட்டாரா? கேட்டால் அவள் சங்கடப்படுவாளோ என்று விட்டதாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் போனை ஊறுகாய் ஜாடி மேல் சாய்த்து வைத்து, சட்டை போட்டு, தலை வாரி உட்கார்ந்தார். ரசூல் பீவி கதவருகே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“பொண்ணு பாக்கவா வராங்கோ?” என்றாள். “சட்டை இன்னாத்துக்கு?”

உஸ்மாவின் முகம் வந்தது. கொஞ்சம் இளைத்திருந்தாள். பின்னால் வெள்ளைச் சுவர். அவளும் நல்ல சட்டை போட்டிருந்தாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும் அத்தா. எப்படி இருக்கீங்க?”

“வ அலைக்கும் சலாம். உஸ்மா, ஐ...” தண்ணீர் குடித்தார். “ஐ டிஸப்ரூவ்.”

“எதை அத்தா?”

அதை அவர் தயார் செய்திருக்கவில்லை. “எல்லாத்தியும்,” என்றார். “நீ அங்க கீறது. ஒனக்கு ஒடம்பு எளைச்சிகீது. அந்த ரூம்பு சுவத்துல ஒரு படங்கூட இல்ல. நீ நன்றி நன்றின்னு சொல்றது. நீ போனதே எனக்கு வேணாம். இன்னமும் வேணாம். புக்கை நான் போடலை, பொய் சொன்னேன், நீ திட்டுவன்னு பாத்தேன், நீ பரவால்லன்னுட்ட. பரவா கீதும்மா. ரொம்பப் பரவா கீது.”

உஸ்மாவின் முகம் அசையவில்லை. பிறகு, பயிற்சி பெற்ற குரலில், “உங்க உணர்வு புரியுது...” என்று தொடங்கினாள். பாதியில் நின்றாள்.

“இப்பவா சொல்வீங்க?” என்றாள்.

குரல் வேறாக இருந்தது. மஜீது பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மூணு வருஷம் அத்தா. ஏர்போர்ட்ல டிராலி தள்ளிகினு வந்தீங்களே, உள்ள போற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தேன். போகாதேன்னு சொல்வீங்கன்னு. நீங்க வாட்ச்மேன்கிட்ட டிராலி எங்க வெக்கணும்னு கேட்டுகினு இருந்தீங்க. போன மாசம் திரும்பக் கேட்டேன். வான்னு ஒரு வார்த்த சொல்லல. உன் இஷ்டம்மா, நோ ப்ராப்ளம். ஊர்ல இருக்கிற அத்தனை கப்பலுக்கும் ஒரு பதில், எனக்கும் அதே பதிலா? நான் என்ன கோஸா? புக்கைப் போட்டுட்டேன்னு சொன்னீங்க, போன் வெச்சிட்டு ராத்திரி பூரா உக்காந்திருந்தேன், வீட்ல எனக்கு இருந்த ஒரே இடமும் காலின்னு. மாத்திரையை நிறுத்திட்டேன்னீங்க. விளையாட்டா அது? சோதனை பண்றீங்களா என்னை? ஹம்பக் அத்தா நீங்க. சுத்த ஹம்பக்.”

அவள் நிறுத்தவில்லை. பனியனுக்கு வந்தாள், குடத்துக்கு வந்தாள், மாமாவின் ஷெட்டுக்கு வந்தாள். மூன்று வருடப் பாக்கி. மஜீது பாய் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கக்கூட இல்லை, துடைத்தால் அவள் இரக்கப்பட்டு நிறுத்திவிடுவாளோ என்று. நார்வேக்காரன் இவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

ஒருவழியாக மூச்சு வாங்கினாள்.

“வந்துடுமா,” என்றார் மஜீது பாய்.

உஸ்மா உதட்டைக் கடித்தாள். “வியாழக்கிழமை சைன் பண்ணிட்டேன் அத்தா.”

வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

“மூணு வருஷமா?”

“மூணு வருஷம். லீவு உண்டு. ரம்ஜானுக்கு வரப் பாக்குறேன்.” மூக்கை உறிஞ்சினாள். “பாக்குறேன்னு இல்ல. வரேன். வந்து அந்த ஷெட்டை நானே பிரிச்சுப் போடறேன். நீங்க வாயைத் திறக்க மாட்டீங்க.”

“தொறக்கறேன்,” என்றார். “நீ வா, ரெண்டு பேரும் சேந்து தொறக்கலாம்.”

அதற்குமேல் பேச முடியாமல் அவள் போனை வைத்துவிட்டாள். சலாம்கூடச் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் மரியாதை இல்லாமல் முடிந்த முதல் போன் அதுதான். மஜீது பாய் இருண்டுபோன திரையை ஊறுகாய் ஜாடியிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்தார். கேட்டது கிடைத்தது, கேட்காமல் இருந்தது கைவிட்டுப் போயிற்று. இரண்டும் ஒரே போனில். அவர் முகத்தில் அந்த இரண்டும் மாறி மாறி வந்துபோயின.

ரசூல் பீவி வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“வராளா?”

“இப்போ வரல. கையெழுத்துப் போட்டுட்டா.” கொஞ்சம் பொறுத்து, “ஆனா திட்னா,” என்றார். “நல்லா திட்னா.”

“காதுல வுயுந்துச்சு.”

அவள் அவர் எதிரே உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தாள், திரும்பத் துடைத்தாள். தெருவெல்லாம் நடுங்கத் திட்டுகிற அந்தப் பெண்பிள்ளையின் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

“என்னிய ஒண்ணும் சொல்லலியா?”

“ஒன்ன எதுக்குச் சொல்லணும்?”

“எதுக்காச்சும். முட்டி வலின்னு தைலம் தேச்சிகிறதுக்கு. ஒப்புக்கு இன்னா வேணா சொல்லலாமே.” போனை அவர் கையிலிருந்து வாங்கினாள். “ஒன்னியே திட்டிகினு இருந்தா. எம்பேரே எடுக்கல.”

போனைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடி இல்லாமல், திரையைத் தூரத் தள்ளிப் பிடித்து, மகளின் படத்தைத் தேடி அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்தில் எடுத்ததும் ரசூல் பீவி சலாம் சொல்லவில்லை.

“நான்தான்டீ. இன்னிக்கு ஆக்குன கொழம்புல உப்பு போடலை. ஒங்க அத்தா அப்டியே துன்னுட்டாரு. இன்னா சொல்ற?”